ஈரக் காற்றில் இருமும் மோட்டார்

அத்தியாயம் 7

கடுகுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். அன்று படகுத்துறைக் கொட்டகைக்குள் நுழையும்போதே இரண்டு காதும் பழுத்துப் போயிருந்தன.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. துப்பறியும் தொழிலுக்கு வந்த புதிதில், சூடேறினால் படபடவென்று வெடிக்கிறாள் என்று யாரோ கடுகு என்று கூப்பிடப் போக, அதுவே ஒட்டிக்கொண்டது. கூடவே அலையும் உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது மட்டும் அவள்தான். ஓயாமல் பேசுவான். நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளும் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

"மேடம், உள்ள போன உடனே வெடிச்சிராதீங்க. முதல்ல எண்ணெய் காயட்டும்," என்றான் ரேடியோ.

"வாயை மூடிக்கிட்டு வா."

கோபம் வராமல் என்ன செய்யும்? சென்ற வாரம், இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப்போன சின்ன மோட்டார் படகு நடு ஆற்றில் நின்றுவிட்டது. மோட்டார் இருமியது, விக்கியது, அடங்கிப்போனது. வேலைக்குப் புதிதாக வந்த ஓட்டுநர் ஸ்டார்ட் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை பிசகியதுதான் மிச்சம். வெள்ளம் படகைக் கொண்டுபோய்ப் பழைய பாலத்துத் தூணில் அறைந்து கவிழ்த்தது. மற்றவர்கள் எதையாவது பிடித்துக் கரையேறினார்கள். தையற்கடை வைத்திருந்த பெண் மட்டும் ஏறவில்லை.

படகு முதலாளி அன்றைக்கே ஆளைக் கை காட்டிவிட்டார். முன்பு அவரிடம் இருந்த மெக்கானிக். சில நாள் முன்னால்தான் அவனை வேலையை விட்டுத் துரத்தியிருந்தார். அந்தக் கறுவலில் பெட்ரோலில் தண்ணீரைக் கலந்துவிட்டான் என்பது புகார். போலீஸ் டாங்கைத் திறந்தது, உள்ளே தண்ணீர் இருந்தது, மெக்கானிக்கைத் தூக்கி லாக்கப்பில் போட்டது. நாளைக் காலையில் கொலைகாரன் என்று கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள்.

அவனுடைய அக்கா துறைக்கு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். கடுகின் வாசலில் வந்து நின்றவள் அவள்தான். இப்போது கொட்டகை மூலையில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

கொட்டகை நடுவில் ஒரு மரச் சட்டத்தில் அந்த மோட்டாரை மாட்டியிருந்தார்கள். அதன் விசிறி ஒரு தண்ணீர் டிரம்முக்குள் முங்கியிருந்தது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பக்கத்தில் முதலாளி, நாற்காலியில் கால் மேல் கால் போட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு உயிர் போன மோட்டாரின் முன்னால் ஒரு மனுஷனால் இவ்வளவு நிதானமாகக் கண்ணாடி துடைக்க முடியுமா? கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்துக்கோங்க மேடம்." இன்ஸ்பெக்டர் கயிற்றை ஒரு இழு இழுத்தார். மோட்டார் உடனே பிடித்துக்கொண்டு, ஒரே சீராக உறுமியது. "சுத்தம் பண்ணிக் காயவெச்சு, புதுப் பெட்ரோல் ஊத்துனோம். வேற ஒண்ணுமே பண்ணல. எப்படி ஓடுது பாருங்க. கோளாறு மோட்டார்ல இல்ல. பெட்ரோல்ல."

"படகு ஆத்துக்குள்ள கவுந்து கிடந்துச்சு சார்," என்றான் ரேடியோ. "டாங்க் மூடியில காத்துப் போக ஓட்டை இருக்கு. அது வழியாத் தண்ணி வராம பன்னீரா வரும்?"

"கவுந்தப்புறம் வந்த தண்ணியா, கவுக்கறதுக்குக் கலந்த தண்ணியான்னு தண்ணி மேல எழுதியிருக்காய்யா?"

"அப்போ கலந்த தண்ணின்னு மட்டும் எப்படிப் படிச்சீங்க?" என்றாள் கடுகு.

இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கடுகு மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. காய்ந்த நாள். மோட்டார் ஜம்மென்று ஓடுகிறது. அவள் சட்டென்று திரும்பி இஸ்திரிக்காரியைக் கேட்டாள்.

"படகு கவுந்த அன்னிக்கு வானம் எப்படிம்மா இருந்துச்சு?"

"மப்பும் மந்தாரமுமா இருந்துச்சும்மா. மழை பெய்யல, ஆனா காத்தெல்லாம் பிசுபிசுன்னு. கொடியில போட்ட துணி ஒண்ணுகூடக் காயல. ஈரத்தோடயேதான் தேய்ச்சேன்."

"துணி தேய்க்கறப்ப தண்ணி அடிக்கிற பாட்டில் வெச்சிருப்பீங்கல்ல? அதைக் கொண்டாங்க. ரேடியோ, கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்து."

"மேடம், மோட்டாரையே தேய்ச்சு மடிச்சுக் கொடுக்கப் போறீங்களா?"

"சாத்துடா!"

இஸ்திரிக்காரி ஓடிப்போய் பாட்டிலைக் கொண்டுவந்தாள். கொட்டகை இருட்டானது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, கடுகு அதன் மேல் மூடியைக் கழற்றிவிட்டு, எட்ட நின்று பனி மாதிரி பூந்தூறலாகத் தண்ணீரை அடித்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மோட்டார் ஒரு தரம் இருமியது. அடுத்து விக்கியது. மின்சாரம் தரும் காயிலிலிருந்து, பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குக்குப் போகும் கறுப்பு ஒயரின் மேல், பக்கவாட்டில், நீல நிறத்தில் பொறிகள் துள்ளித் துள்ளிப் பக்கத்து இரும்பில் பாய்ந்தன. சடசடவென்று சத்தம் வேறு. இரண்டு விக்கல் விக்கிவிட்டு மோட்டார் நின்றது.

"கதவைத் திற," என்றாள் கடுகு. குரலில் வெற்றி இருந்தது, மறைக்கவில்லை. "பாத்தீங்களா இன்ஸ்பெக்டர்? பெட்ரோல் நீங்க ஊத்துன அதே புதுப் பெட்ரோல். ஒயரோட தோல் பழசாகி, மயிரிழை மயிரிழையா வெடிச்சிருக்கு. காஞ்ச நாள்ல மின்சாரம் ஒழுங்கா பிளக்குக்குப் போகும், மோட்டார் ஓடும். காத்துல ஈரம் ஏறுச்சுன்னா அந்த வெடிப்பு வழியா வெளிய தாண்டி இரும்புல இறங்கிடும். பிளக்குக்கு ஒண்ணும் போய்ச் சேராது. அன்னிக்கும் இதான் நடந்துச்சு. எவனும் எதையும் கலக்கல."

இன்ஸ்பெக்டர் ஒயரைத் தொடப்போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இஸ்திரிக்காரியின் முகத்தில் இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

அதை அணைத்தவர் முதலாளி.

"அடப்பாவமே," என்றார், உச்சுக் கொட்டிக்கொண்டு. "அப்போ அந்தப் பய இந்த ஒயரைப் பாக்கவே இல்லியா? மோட்டாரைப் பாக்கத்தானே சார் அவனை வெச்சிருந்தேன்? எனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்? பொங்குற பாலைக்கூடச் சரியாப் பாத்து இறக்கத் தெரியாத ஆள் நான். அவனை நம்பி இத்தனை பேரை ஏத்தியிருக்கேனே!"

இன்ஸ்பெக்டரின் தலை மெதுவாக ஆடத் தொடங்கியது. "அதுவும் சரிதான் மேடம். தண்ணி கலந்தான்னா வேணும்னு செஞ்சது. இது பாக்காம விட்டுச் செஞ்சது. எப்படிச் சுத்தி வந்தாலும் அவன் கிட்டதான் வந்து நிக்குது. அந்த ஒயரைக் காட்டிக் கொடுத்ததுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

கடுகுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"ஒயர் போச்சுன்னு அவர் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்று முதலாளியைக் கேட்டாள்.

"சொல்லியிருந்தா ஓட்டுவேனா? என்னம்மா பேசறீங்க! என் பொண்ணு தெனம் அந்தப் படகுலதான் அக்கரைக்குக் காலேஜ் போறா. ஒத்தைப் பொண்ணு. பழுதுன்னு தெரிஞ்சு பெத்த பொண்ணை எவனாவது ஏத்துவானா?"

"நல்லவேளை, அன்னிக்குப் பாப்பா போகல," என்றார் இன்ஸ்பெக்டர் ஆதரவாக.

"கடவுள் புண்ணியம் சார். அன்னிக்கு அவளுக்குக் காலேஜ் லீவு." முதலாளி எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "வாங்க, ஸ்டேஷனுக்குப் போயி இந்த ஒயர் விஷயத்தையும் எழுதிக் கொடுத்திடறேன்."

ஜீப் கிளம்பிப் போனது. இஸ்திரிக்காரி அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சுவரில் விட்டெறிந்தாள்.

"என் கையாலயே எடுத்துக் கொடுத்தேனே!" என்று கத்தினாள். "தம்பியை வெளிய கொண்டாங்கன்னு உங்களைக் கூப்ட்டா, கேஸை நல்லா இறுக்கிக் கட்டிக் கொடுத்துட்டீங்க! யாரும்மா கேட்டா உங்க சாமர்த்தியத்தை? அவன் சொன்னான்மா! ஒயரை மாத்துங்க, புது ஒயர் வர்ற வரைக்கும் படகை நிறுத்தி வைங்க, ஈரக் காத்து அடிச்சா நடு ஆத்துல நின்னுடும்னு தலையால அடிச்சுக்கிட்டான். ஓடுற படகை எதுக்குடா நிறுத்தணும்னு கேட்டுட்டு, அதுக்குத்தான் அவனை வேலையை விட்டே தூக்குனாரு!"

"அவர் சொன்னப்ப வேற யாராவது இருந்தாங்களா?"

"இருந்தா நான் ஏன் உங்க வாசலுக்கு வரேன்? ரெண்டு பேருதான் இருந்தாங்க. ஒருத்தன் உள்ள கிடக்கான். இன்னொருத்தன் ஜீப்புல போறான்."

இஸ்திரிக்காரி சொன்னது அத்தனையும் நிஜம். வித்தை காட்டுகிற அவசரத்தில், வித்தை யாருக்கு உதவும் என்று யோசிக்காமல் விட்டது கடுகின் தப்பு. கோபத்தை முதலாளி மேல் காட்டுவதா, தன் மேல் காட்டுவதா என்று தெரியாமல் டிரம்மை ஓங்கி ஓர் உதை விட்டாள். கால்தான் வலித்தது.

ரேடியோ சுவரடியில் கிடந்த பாட்டிலை எடுத்து வைத்தான். பிறகு மெல்லக் கேட்டான். "மேடம், அந்த ஆளு பேசுனதுல ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது. வாரத்து நடுவுல காலேஜுக்கு எதுக்கு லீவு? தீபம் அணைஞ்சா லீவா, தலைவர் தும்முனா லீவா?"

கடுகு நொண்டிக்கொண்டே நடந்தவள் நின்றாள்.

"ரேடியோ, ஒரு படகு நின்னுடும்னு தெரிஞ்ச ஆளு அதை வாயால சொல்ல மாட்டான். ஆனா அவன் வீட்டு ஆளுங்க எதுல ஏறுறாங்க, எதுல ஏறலேங்கறதை அவனால மறைக்க முடியாது. சாட்சி இல்லேன்னு நாம அழுதுட்டு இருக்கோம். அந்தாளே நமக்கு ஒரு சாட்சியைச் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"யாரு?"

"அவன் பொண்ணு. நட."

அவர்கள் முதலாளியின் வீட்டை அடைவதற்குள் வானம் மாறிவிட்டது. வெயில் ஓடி ஒளிய, ஆற்றுப் பக்கத்திலிருந்து மேகம் ஏறி, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற மாதிரி புழுங்கியது. வீடு பழைய மர வேலை. வாசற்கதவு ஆள் உயரத்துக்கும் மேலே, கனத்த பலகை. ரேடியோ மணியை அடித்தான்.

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க," என்று ஒரு பெண் குரல் மூச்சு வாங்கியது. "கதவு இறுகிக்கிச்சு. நான் இழுக்கறேன், நீங்க வெளியேருந்து தள்ளுங்க."

ரேடியோ தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினான். கதவு கிறீச்சிட்டுத் திறந்த வேகத்தில் அவனும் சேர்ந்து உள்ளே போய் விழுந்தான்.

"மன்னிச்சிருங்க," என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கையில் பாதி படித்த பாடப்புத்தகம். "ஈரக் காத்து அடிச்சா மரம் ஊதிக்கும். நீங்க யாரு? அப்பா ஸ்டேஷனுக்குப் போயிருக்காரே."

"உங்களைப் பாக்கத்தான்மா வந்தோம்," என்றாள் கடுகு. தாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதை மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது.

"அந்தத் தையல் அக்கா எனக்கு ரொம்ப வேண்டியவங்க. எதுன்னாலும் கேளுங்க."

"படகு கவுந்த அன்னிக்கு உங்களுக்குக் காலேஜ் லீவா?"

"லீவா?" அவள் முகம் சுளித்தாள். "பரீட்சைங்க! பஸ்ல ஊரைச் சுத்திப் போயி, பாதிப் பரீட்சையில நுழைஞ்சு, கெஞ்சிக் கூத்தாடி எழுதுனேன். எல்லாம் எங்கப்பாவோட சகுனத்தால."

"என்ன சகுனம்?"

"இதோ, இதான்." அவள் கதவைத் தட்டிக் காட்டினாள். "இந்தக் கதவு காலையில இறுகிக்கிச்சுன்னா எங்கப்பாவுக்கு ஆகாது. அன்னிக்கு நான் படகுல போகக் கூடாது, பஸ்தான். கதவே போகாதேன்னு தடுக்குதாம்."

"எங்க வீட்டுல நான் சம்பளத்தோட வந்தாத்தான் கதவே திறக்கும்," என்று ஆரம்பித்த ரேடியோ, கடுகின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவளுடைய காது மடல் மறுபடி சிவக்கத் தொடங்கியிருந்தது.

"அப்பா வேற என்னென்ன சகுனம் பாப்பாரும்மா?"

"அதுதான் வேடிக்கை. வேற எதுவுமே பாக்க மாட்டாரு. நாள், நேரம், பூனை எதுவும் கிடையாது. அதெல்லாம் வேலையில்லாதவன் பாக்கறதுன்னு திட்டுவாரு."

"கதவுச் சகுனம் எப்போலேருந்து?"

"கொஞ்ச நாளாத்தான். இதுக்கு முன்னாடியும் மழைக்காலத்துல கதவு இறுகத்தான் செய்யும். நான் பாட்டுக்குப் படகுல போயிட்டுதான் இருந்தேன். அந்த மெக்கானிக் அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்து அப்பாவோட தனியாப் பேசுனாரு, கதவைச் சாத்திக்கிட்டு. அதுக்கு அடுத்து..."

அவள் நிறுத்தினாள். அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடி கதவைப் பார்த்தாள். புத்திசாலிப் பெண். சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ஈரம் இருந்தா கதவு இறுகும்," என்றாள் மெதுவாக. "ஈரம் இருந்தா அந்த மோட்டார்..."

"நின்னுடும். ஒயர்ல வெடிப்பு. காலையில என் கண்ணால பாத்தேன்."

அவள் புத்தகத்தை மூடினாள். அடுத்து வந்த குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "அன்னிக்குக் காலையில அந்தக்கா இங்கதாங்க இருந்தாங்க. எனக்குத் தெச்ச சட்டையைக் கொடுக்க வந்தாங்க. நான் பஸ்ல போறேன்னதும், 'அப்போ நானும் உன் கூடவே பஸ்ல வரேன், பேசிக்கிட்டே போகலாம்'னாங்க. அப்பாதான், 'நீ எதுக்கும்மா சுத்திக்கிட்டு? படகு கிளம்பப் போகுது, ஓடிப் பிடி'ன்னாரு. அவங்களும் ஓடுனாங்க."

ரேடியோ தலையைத் திருப்பிக்கொண்டான். கடுகின் இரண்டு காதும் பழுத்துவிட்டன. இத்தனை வருடத்தில் திருடனைப் பார்த்திருக்கிறாள், கொலைகாரனைப் பார்த்திருக்கிறாள். ஒரே வாசலில் நின்று ஒருத்தியை பஸ்ஸுக்கும் ஒருத்தியை ஆற்றுக்கும் பிரித்து அனுப்பியவனை இப்போதுதான் பார்க்கிறாள்.

கொட்டகையில் மோட்டாரை ஓட்டிப் பார்த்ததையும் முதலாளி சொன்னதையும் கடுகு அந்தப் பெண்ணிடம் சொல்லி முடிக்கும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. முதலாளியை வீட்டில் விட இன்ஸ்பெக்டரே வந்திருந்தார். கடுகைப் பார்த்ததும் முதலாளியின் முகம் கோணியது.

"இங்க எதுக்கு வந்தீங்க? இன்ஸ்பெக்டர், பாருங்க சார், சின்னப் பொண்ணைத் தனியா இருக்கறப்ப வந்து..."

"அப்பா." மகள் வாசற்படிக்கு வந்தாள். "அன்னிக்கு எனக்கு லீவுன்னா சொன்னீங்க?"

"நீ உள்ள போம்மா."

"என்னை ஏன் பஸ்ல அனுப்புனீங்க?"

"சகுனம் சரியில்லேன்னுதான். உனக்குத் தெரியாதா?"

"சரிப்பா." அவள் செருப்பை மாட்டினாள். "இப்பவும் கதவு இறுகித்தான் கிடக்கு. ஆனா சகுனமெல்லாம் பொய்யின்னு நீங்கதானே சொல்லுவீங்க? அந்த மோட்டாரை இன்னொரு படகுல மாட்டச் சொல்லுங்க. நான் அதுல அக்கரைக்குப் போயிட்டு வரேன். மோட்டார் நல்லா ஓடுதுன்னு இன்ஸ்பெக்டர் சாரே பாத்திருக்காரு."

"பைத்தியமா உனக்கு? உள்ள போ!"

"ஏன்? பழுதுன்னு உங்களுக்குத்தான் தெரியாதே. தெரிஞ்சா ஏத்துவீங்களா?" அவள் படியிறங்கித் துறைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். சும்மா மிரட்டுகிற நடை இல்லை. கிடுகிடுவென்று போனாள்.

முதலாளி பதறிக்கொண்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். கொட்டகையில் கண்ணாடி துடைத்த ஆளைக் காணோம்.

"ஏறாதடி! இந்தக் காத்துல அது நடு ஆத்துல நின்னுடும்டி! அவன்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னானே! உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானே நான் உன்னை பஸ்ல அனுப்புனேன்? பெத்தவன் வேற என்னடி பண்ணுவான்?"

தான் சொன்னது தன் காதிலேயே விழ, முதலாளியின் வாய் திறந்தபடியே நின்றது.

"யாரு படிச்சுப் படிச்சுச் சொன்னது?" என்றார் இன்ஸ்பெக்டர், ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டே. "அந்த மெக்கானிக்கா?"

"சார், அது வந்து... நான் சொன்னது என்னன்னா..."

"காலையில ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களேய்யா!" இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். ஸ்டேஷனில் எடுத்தவரிடம் அவர் கத்திய கத்தல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். "அந்த மெக்கானிக்கை வெளிய கூட்டிட்டு வந்து உக்கார வையி. நாளைக்கு அவனை கோர்ட்டுக்குக் கொண்டுபோகல. ஆமாய்யா, நான்தான் சொல்றேன்! அவன் அக்காவுக்கு ஆள் அனுப்பு."

வைத்துவிட்டு, கடுகின் கண்ணைப் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னார். "வண்டியில ஏறுங்க. பின்னாடி."

முதலாளி மகளைப் பார்த்தார். அவளுடைய கையை அவர் இன்னும் விடவில்லை.

"அம்மாடி, நீயாவது சொல்லும்மா. அப்பா உன் மேல வெச்சிருந்த பாசம்தானேம்மா இதுக்கெல்லாம் காரணம்? எடுத்துச் சொல்லும்மா இவங்ககிட்ட."

மகள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"சொல்லத்தான்ப்பா வரேன்," என்றாள். "அந்தக்காவும் என் கூட பஸ்ல வரேன்னாங்கன்னு சொல்றேன். நீங்க என்ன சொன்னீங்கன்னும் சொல்றேன்."

அவள் ஜீப்பைச் சுற்றிப் போய் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.